தலை நுழையாத பனியனும் நான் படித்த மனித வரலாறும்

தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் அக்கா என்று கேட்டார்கள். அளவு நாடாவை எங்கே பிடிப்பது, எந்தக் கறையை எந்த வகையில் சேர்ப்பது என்பதெல்லாம் உங்கள் மேஜைக்கு எதிரிலேயே ஒட்டி வைத்திருக்கிறது. அதை நானும் ஒரு தடவை எழுதி உங்களைத் தூங்க வைக்க மாட்டேன். ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பொறுமை குறைந்துவிட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள். வேலையில் இருந்தபோது மட்டும் அது வழிந்து ஓடியதா என்று என் கீழ் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நான் படித்த புத்தகங்களைப் பற்றிச் சொல்லப் போகிறேன். மனிதன் எங்கே தோன்றினான், எப்படி உலகமெல்லாம் பரவினான், அப்பா அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு என்னென்ன இறங்குகிறது என்று எளிய தமிழில் எழுதிய அறிவியல் புத்தகங்கள். பனியனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று இப்போதே முகத்தைச் சுளிக்க வேண்டாம். என் வேலைக்காலத்தில் நான் எடுத்த முடிவுகளில் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிற ஒன்று, அந்தப் புத்தகங்களில் ஒன்றிலிருந்துதான் வந்தது.

நான் திண்டுக்கல் பக்கத்துக்காரி. கல்யாணம் முடித்த கையோடு திருப்பூருக்கு வந்து, வேலம்பாளையத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் செக்கிங் மேஜையில் நின்றேன். அதே கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பாளராகி ஓய்வு பெற்றேன். நடுவில் என்ன நடந்தது என்பது எல்லாருக்கும் நடக்கிறதுதான், விடுங்கள்.

புத்தகம் வந்த வழி காதர்பேட்டை வழி. வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கும் பையர் வேண்டாம் என்று ஒதுக்கிய சரக்கை வெளியில் விற்பதற்கு முன்னால் அவர்களுடைய லேபிளை ஒவ்வொரு பீஸிலும் வெட்டி எடுத்தாக வேண்டும். அப்படி எடுத்திருக்கிறார்களா என்று பார்க்க, மிச்சச் சரக்குக் கடைகள் நிறைந்த காதர்பேட்டைக்கு அடிக்கடி போவேன். அங்கே எங்கள் மிச்சச் சரக்கை வாங்கும் பாய் ஒருவர் இருந்தார். வயதில் என்னைவிட ஒன்றிரண்டு இளையவர். கடை முழுக்க மூட்டை, மூட்டைக்கு மேல் மூட்டை, அந்த உச்சியில் சாய்ந்து உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் கதைப்புத்தகமா பாய் என்று கேட்டேன்.

"கதைதாங்கக்கா. நம்ம எல்லாரோட கதை" என்றார். அட்டை கசங்காமல் திருப்பித் தர வேண்டும் என்று பத்துத் தடவை சொல்லிவிட்டு, மனசே இல்லாமல் கொடுத்தார்.

கம்பெனி வேனில் போகும்போதும் வரும்போதும் படித்தேன். ஆரம்பத்தில் ஒன்றும் ஓடவில்லை. வாயில் நுழையாத எலும்புகளும் குகைகளுமாக வந்தன. வேனில் பக்கத்து சீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்து, மண்டையோட்டுப் படத்தைக் கண்டதும் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள். என் வீட்டுக்காரர் வேறு ஒரு கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டியவர், சாப்பாடு பரிமாறும்போது, "இன்னைக்கு எத்தனை எலும்பு தோண்டின?" என்று கேட்பார். தோண்டி முடித்ததும் அடுத்த புத்தகம் வாங்கப் பாயிடம் போய் நின்றேன். அவருக்கே ஆச்சரியம்.

அதன்பிறகு எங்களுக்குள் சரக்குப் பேச்சு குறைந்து புத்தகப் பேச்சு கூடிவிட்டது. அவருக்குப் பிடித்தது பயணம். ஆப்பிரிக்காவில் புறப்பட்ட ஒரு சின்னக் கூட்டம் கடலோரமாக நடந்து நடந்து இந்தப் பக்கம் வந்தது என்றெல்லாம் வரும் இடங்களில், தானே கூட நடந்து வந்தவர் மாதிரி கையை நீட்டிச் சொல்லுவார். இதெல்லாம் படித்தும் தொழுகைக்கு நேரம் தவறாமல் போவார். ரெண்டும் என் மனசுக்குள்ள சண்டை போடாம குடித்தனம் நடத்துதுங்கக்கா என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். அதற்கு மேல் நான் கிளறவில்லை. நட்பில் சில இடங்களை அப்படியே விட்டுவிட வேண்டும்.

எனக்குப் பிடித்தது மரபணு. அதற்குக் காரணம் எளிது. பிழைகளைத் தேடிப் பிடிப்பதுதான் என் பிழைப்பு, மரபணுப் புத்தகமோ பக்கத்துக்குப் பக்கம் பிழையைப் பற்றிப் பேசியது. நம் உடம்பில் இருக்கிற அந்த நீளமான குறிப்பு பெற்றவர்களிடமிருந்து நகலெடுக்கப்பட்டுப் பிள்ளைகளுக்குப் போகிறது. நகலெடுக்கும்போது எப்போதாவது ஓர் எழுத்து மாறிவிடும். மாறியது மாறியபடியே அடுத்த நகலுக்கும், அதற்கடுத்த நகலுக்கும் இறங்கும். எங்கோ தூரத்தில் இருக்கும் இரண்டு பேரிடம் அதே இடத்தில் அதே மாற்றங்கள் இருந்தால், அவர்களுக்குப் பின்னால் எங்கோ ஒரு பொது மூதாதை இருக்கிறார் என்று அர்த்தம். இப்படிச் சின்னச் சின்ன மாற்றங்களைப் பிடித்துக்கொண்டே பின்னோக்கி நடந்துதான் மனித குலத்தின் குடும்ப மரத்தை வரைகிறார்கள். இதைப் படித்த அன்று நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி வேன் போய்விட்டது. டிரைவர் திட்டினார், நான் கேட்டுக்கொண்டேன்.

முதலாளியிடமும் பேசிப் பார்த்தேன். அவர் இந்த ஊர்க் கவுண்டர் குடும்பம், தோட்டத்தை விட்டுவிட்டுச் சின்ன வயதிலேயே கட்டிங் வேலைக்கு வந்து, பிறகு சொந்தமாக நாலு மெஷின் போட்டு வளர்ந்தவர். அவர்கள் பக்கம் ஒரே கூட்டத்துக்காரர்கள் எல்லாரும் பங்காளிகள், தங்களுக்குள் பெண் கொடுத்து எடுக்க மாட்டார்கள். எங்க கூட்டம் எங்கிருந்து வந்துச்சுன்னு அதுல போட்டிருக்குதுங்களா என்று ஆவலாகக் கேட்டார். நீங்கள், நான், ஒடிசாவிலிருந்து வந்திருக்கும் தையல்காரப் பெண்கள், எல்லாரும் கலந்து கலந்து வந்தவர்கள்தான், எல்லார் பாதையும் பின்னால் ஓர் இடத்தில் போய்ச் சேருகிறது என்றேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "இதை எங்க பங்காளிககிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க அம்மிணி" என்றார்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். என்னிடம் உதவியாளனாக இருந்த ஒரு பையன் ஆசையாகக் கேட்டான் என்று புத்தகத்தை இரவல் கொடுத்தேன். அரைப் புத்தகம் படித்தான். அதற்குள் துள்ளல் தாங்காமல், சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவர் மூக்கையும் கண்ணையும் பார்த்து நீ இன்ன இடத்து ஆள், உன் முன்னோர் இன்னார் என்று ஜோசியம் சொல்ல ஆரம்பித்துவிட்டான். வடக்கிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு அது மனதில் தைத்துவிட்டது, எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு, மீதிப் பாதியில் என்ன இருக்கிறது தெரியுமா, மூஞ்சியைப் பார்த்து எவனுடைய வேரையும் சொல்ல முடியாது என்று இருக்கிறது என்று எல்லார் முன்னாலும் விளாசினேன். அவன் போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டான், அவளும் திரும்பி வந்தாள். படிப்பதென்றால் கடைசிப் பக்கம்வரை படியுங்கள். அரைகுறையாகப் படித்தவன் கையில் எந்தப் புத்தகமும் ஆபத்துதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு நடந்தது.

குட்டிப் பிள்ளைகள் போடும் வட்டக் கழுத்துப் பனியன், திரும்பத் திரும்ப வருகிற ஆர்டர். பிள்ளைகள் துணியில் எத்தனையோ அளவுகள் பார்ப்போம், அதில் உயிர்நாடி கழுத்து. பட்டன் கிடையாது, திறப்பு கிடையாது, தலை அந்த வட்டத்துக்குள் நுழைந்தாக வேண்டும். பையர் தரப்பிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் கழுத்தை இழுத்துப் பிடித்து நாடாவை வைத்தார். சில பீஸ் சரியாக வந்தது, சில பீஸ் வரவில்லை. மொத்தச் சரக்கையும் ஃபெயில் போட்டுவிட்டு, அடுத்த வாரம் வருகிறேன் என்று போய்விட்டார்.

எங்கள் செக்கிங்கில் ஏன் தப்பியது என்று கேட்பீர்கள். மேஜைமேல் கிடத்தி அளந்தால் கழுத்து கொஞ்சம்தான் குறைவு, விட்டுக்கொடுக்கும் எல்லைக்குள் நின்றது. கழுத்தைச் சுற்றித் தைக்கும் ரிப் பட்டை ஏறிய பிறகு இழுத்துப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. இப்போது நீங்கள் எல்லா அளவிலும் கழுத்தை இழுத்துப் பார்க்கிறீர்களே, அது நாங்கள் பட்ட பாடு.

ஃபெயிலான பீஸ்களின் பண்டல் சீட்டைப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாமே ஒரே கட்டிங் மேஜையில் வெட்டியவை. மனோஜ் மேஜை. ஃப்ளோர் மேனேஜர் நேராகப் போய் துணிமேல் வைத்து வெட்டுகிற மனோஜின் பேட்டர்ன் அட்டையை எடுத்து அளந்தார். கழுத்து வளைவு சிறியது. அவ்வளவுதான், தீர்ப்பு வந்துவிட்டது. மனோஜ் அட்டையைத் தப்பாக வரைந்து வெட்டியிருக்கிறான்.

மனோஜ் ஒடிசாக்காரன். பல வருடமாக எங்களிடம் கட்டிங்கில் இருந்தான். மனைவி அதே கம்பெனியில் ஓவர்லாக் தையல் லைனில். மகள் வேலம்பாளையத்து அரசுப் பள்ளியில் படித்தாள், என்னுடைய திண்டுக்கல் பக்கத் தமிழைத் திருத்துகிற அளவுக்குக் கொங்குத் தமிழ் பேசுவாள். கம்பெனி கொடுத்த ரூமில்தான் குடியிருந்தார்கள். எனக்கு அவனைப் பிடிக்கும், இதை ஒளிப்பானேன். ஒரு பீஸ் கறை பட்டது, திரும்ப வெட்டிக் கொடு என்று எந்த நேரத்தில் போய் நின்றாலும் முகம் மாறாமல் வெட்டித் தருவான். ஆனால் பிடிக்கும் என்பது சாட்சி ஆகாது. தரக்கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

நான் அவனைக் கூப்பிட்டு, வரையும்போது ஏதாவது நழுவியதா என்று கேட்டேன். தெரியலக்கா என்றான். வாதாடவில்லை, அழவில்லை, சும்மா நின்றான். அந்த நிற்பையே மற்றவர்கள் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள். முதலாளி கொதித்துக்கொண்டிருந்தார். மனோஜை மேஜைப் பக்கம் வரவே விடக் கூடாது, இன்றைக்கே வேலையை விட்டு அனுப்ப வேண்டும், ரூமையும் காலி பண்ணச் சொல்ல வேண்டும் என்று மேனேஜரிடம் சொன்னார், அவரும் மனோஜை அப்போதே ரூமுக்கு அனுப்பிவிட்டார். திருப்பூரில் இப்படி ஒருவனை அனுப்பினால் அது அந்தக் கம்பெனியோடு நிற்காது. அடுத்த கம்பெனிக்காரர் போன் போட்டு ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்பார். சரக்கு ஃபெயிலானதற்குக் காரணமான ஆள் என்று பெயர் விழுந்துவிட்டால், அவனும் மனைவியும் பிள்ளையும் மூட்டையைக் கட்டிக்கொண்டு ரயிலேற வேண்டியதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மனோஜ்தான் காரணம் என்று முடிந்தால் என் பிரிவை யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. எனக்கு வசதியான முடிவு அது. வசதியான முடிவு கண்ணுக்கு முன்னால் வரும்போதுதான் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. அன்று காலை வேனில் படித்த அத்தியாயம் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு மாற்றம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் அது பிறந்தது என்று கிடையாது. நமக்குள் இருக்கிற பெரும்பாலான மாற்றங்கள் நமக்கு முன்னால் என்றோ நடந்தவை, நாம் அவற்றைச் சுமக்கிறோம், அவ்வளவே. அப்படியானால் இந்த அட்டைக்குத் தாய் அட்டை எது? மனோஜ் எதைப் பார்த்து வரைந்தான்? இந்தக் கேள்வியை அதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை, நான் உட்பட.

முதலாளியிடம் போய் சாயங்காலம்வரை அவகாசம் கேட்டேன்.

"எதுக்குங்கம்மிணி? அட்டையும் கையில இருக்குது, அளவும் கையில இருக்குது" என்றார்.

"அட்டை அவன்கிட்ட இருக்குய்யா. தப்பு அவன்கிட்டதான் பொறந்துச்சான்னு தெரியலை" என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தார். சாயங்காலம் வரைக்கும்தான் என்றார்.

அந்தப் பனியனுக்கு எங்கெங்கே அட்டை இருக்கிறதோ எல்லாவற்றையும் சேர்த்தேன். மனோஜின் அட்டை, பக்கத்து மேஜை அட்டை, பெரிய மேஜை அட்டை. முதலாளியின் மச்சான் வேறொரு தெருவில் சின்ன யூனிட் வைத்து எங்களுக்கு ஜாப் ஒர்க் செய்தார். முதல் ஆர்டர் காலத்து அட்டை ஒன்று அங்கே ஆணியில் தொங்கியது நினைவு வந்து, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வந்தேன். எல்லாவற்றையும் காலியான கட்டிங் மேஜையில் பரப்பினேன்.

ஓர் அட்டையை வைத்து அதைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து, அந்தக் கோட்டில் வெட்டினால் அடுத்த அட்டை. கோடு எப்போதும் அட்டைக்கு வெளியேதான் விழும். ஆகவே வெட்டியது தன் தாயைவிட ஒரு பென்சில் கனம் பெரிதாக இருக்கும். உடம்பு பெருத்தால் கழுத்துப் பள்ளம் சுருங்கும். நகலிலிருந்து நகல், அதிலிருந்து இன்னொரு நகல் என்று போகப் போகக் கழுத்து இறுகிக்கொண்டே வரும். அவசரத்துக்குப் பக்கத்து மேஜை அட்டையை இழுத்து வைத்து வரைந்துகொள்வது எங்கள் எல்லாருக்கும் பழக்கம். அதை யாரும் தப்பென்றே நினைத்ததில்லை.

இப்போது மனிதர்களுக்குப் பதிலாக அட்டைகளைப் படிக்க ஆரம்பித்தேன். மனோஜின் அட்டையில் கைக்குழிப் பக்கம் ஒரு சின்ன மேடு, யாருடைய கத்தரியோ நழுவிய இடம். பக்கத்து மேஜை அட்டையிலும் அதே இடத்தில் அதே மேடு. பெரிய மேஜை அட்டையில் அந்த மேடு இல்லை. ஆக, மேடு பிறந்தது பக்கத்து மேஜையில், மனோஜ் அதைப் பார்த்து வரைந்திருக்கிறான். அந்த மேட்டைக்கூட விடாமல் வரைந்திருக்கிறான் பாவம். அடுத்து தோள் பக்கம் பார்த்தேன். தையல் சேருமிடத்தைக் காட்ட அட்டையில் ஒரு சின்ன வெட்டு வைப்போம். மச்சான் யூனிட்டுப் பழைய அட்டையில் அது நேராக இருந்தது. மற்ற மூன்றிலும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. கழுத்தை அளந்தேன். மச்சான் அட்டையில் மிகச் சரி. பெரிய மேஜை அட்டையில் ஒரேயடியாகக் குறைந்திருந்தது. அதற்குப் பிறகு பென்சில் கனம், பென்சில் கனமாகத்தான் குறைந்துகொண்டு போனது. பெரிய மேஜையில் கழுத்து இழுத்து அளந்தாலும் எல்லைக்குள் தப்பித்து நின்றது, மூன்றாம் தலைமுறையான மனோஜிடம் வந்தபோது இழுப்பில் எல்லையைத் தாண்டிவிட்டது.

அப்படியானால் சாய்ந்த வெட்டு வைத்தவர்தான் முதல் ஆள். யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

முதல் அட்டை ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி நனைந்து ஊறிவிட்டது. ஷிப்மென்ட் நெருக்கடி, பேட்டர்ன் மாஸ்டர் லீவில் இருந்தார். "நானே உக்காந்து மார்க்கர் பேனால வரைஞ்சு வெட்டினேன், அன்னைக்கு சரக்கு கப்பலேறிப் போச்சு" என்று முதலாளி எங்களுக்குப் பல தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறார். மார்க்கர் கோட்டின் கனத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அதோடு, எங்கள் கம்பெனியில் இடது கையால் கத்தரி பிடிப்பவர் அவர் ஒருவர்தான்.

இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். கட்டிங் ஆட்கள் சுற்றி நின்றார்கள், மேனேஜரும் இருந்தார். உரக்கச் சொல்லி வெற்றி கொண்டாட எனக்கும் நாக்கு துடித்தது. எல்லாருக்கும் டீ வந்திருக்கிறது, போய்க் குடியுங்கள் என்று அனுப்பிவிட்டு முதலாளியை மட்டும் கூப்பிட்டேன். அட்டைகளை வரிசையாக வைத்தேன். எது எதிலிருந்து வந்தது என்று மட்டும் காட்டினேன், யார் என்று சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் உண்மையைச் சொன்னால் மனிதன் முதலில் தன் மானத்தைத்தான் பார்ப்பான். தனியாக விட்டால் உண்மையைப் பார்க்க ஒரு வாய்ப்பாவது உண்டு.

அவர் குனிந்து பார்த்தார். நிமிரவே இல்லை. பிறகு மேஜையில் கிடந்த கத்தரியை எடுத்து, ஒரு துண்டு அட்டையில் இடது கையால் ஒரு வெட்டு வெட்டினார். அதைப் பெரிய மேஜை அட்டையின் பக்கத்தில் வைத்தார்.

"இது என்ற கைங்க அம்மிணி" என்று தன் இடது கையைக் காட்டினார்.

அவரே மேனேஜரைக் கூப்பிட்டார், கட்டிங் ஆட்களையும் கூப்பிட்டார். "தப்பு என்றதுங்க. அந்தப் பையனை அனுப்ப வேண்டாம்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை. மெல்ல மூடி மறைத்து மனோஜை வேறு மேஜைக்கு மாற்றியிருந்தாலும் யார் கேட்கப் போகிறார்கள்? அவர் மேல் எனக்குப் பழைய கோபங்கள் ஏகப்பட்டது உண்டு, அன்றைக்குப் பாதியைத் தள்ளுபடி செய்துவிட்டேன்.

சரக்கும் பிழைத்தது. கழுத்து பெரிதாகியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. சிறிதாக இருந்ததால் பட்டையைப் பிரித்து, பள்ளத்தைத் திரும்ப வெட்டி, புதுப் பட்டை ஏற்றினோம். அந்த வாரம் லைனில் ஒருத்தரும் சிரிக்கவில்லை, ஆனால் இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தபோது பாஸ் ஆனது. நகலிலிருந்து நகல் எடுக்கக் கூடாது, ஒவ்வொரு அட்டையிலும் அது எதைப் பார்த்து வரைந்தது என்று எழுத வேண்டும் என்ற விதி அப்போது வந்ததுதான். எதற்கு இந்த வெட்டி வேலை என்று உங்களில் சிலர் முணுமுணுப்பதாகக் கேள்வி. இப்போது தெரிந்திருக்கும்.

பாயிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டை மேலிருந்து விழுந்துவிடுவார் போலச் சிரித்தார். "அத்தனை பெரிய ஆளுங்க மனுசன் எங்கிருந்து வந்தான்னு கண்டுபிடிக்கறதுக்கு எழுதினது. நீங்க அதை வெச்சுப் பனியன் எங்கிருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிச்சிருக்கீங்க" என்றார். அப்போது என் கையில் இருந்த மரபணுப் புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அட்டை கசங்காமல்.

மனோஜைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. முதலாளி அப்படிச் சொன்னதும், செய்தியை நானே கொண்டுபோக வேண்டும் என்று ஸ்கூட்டியில் அவன் ரூமுக்குப் போனேன். வாசலில் பாத்திரங்களை ஒரு சாக்கில் கட்டி வைத்திருந்தார்கள். மனைவி படுக்கையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். மகள் பள்ளிக்கூடப் பையைத் தோளிலேயே மாட்டிக்கொண்டு மூலையில் நின்றாள். நான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன், உன் தப்பில்லை, நாளையிலிருந்து வேலைக்கு வா என்றேன். அந்தப் பெண் படுக்கையை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மனோஜ் சந்தோஷப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் நம்பாதவன் மாதிரி என்னையே பார்த்தான்.

"எல்லாரும் என் கைதான் தப்புன்னு சொன்னாங்கக்கா. நானும் அப்படித்தான் நெனச்சுட்டேன்" என்றான். "இனிமே கத்தரி தொடக் கூடாதுன்னு நெனச்சேன்."

தன்மேல் விழுந்த பழியை அவன் சகித்துக்கொண்டு நிற்கிறான் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அதை அவன் நம்பியே விட்டான் என்று எனக்குத் தோன்றவேயில்லை. ஒருவனைப் பார்த்து நாலு பேர் சேர்ந்து சொன்னால் அவனே தன்னைச் சந்தேகிக்க ஆரம்பித்துவிடுகிறான். நீங்கள் ஒரு பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு யாருடைய மேஜைக்காவது போகும்போது, தயவுசெய்து இதை மட்டும் நினைவில் வையுங்கள்.

வார்த்தையால் சொன்னால் அவன் மனது ஆறாது என்று தெரிந்தது. வா என்று கையோடு கூட்டிக்கொண்டு கம்பெனிக்கு வந்தேன். அட்டைகள் நான் வைத்த வரிசையிலேயே மேஜையில் கிடந்தன. பக்கத்து மேஜை அட்டையையும் அவன் அட்டையையும் எடுத்து அவன் கையில் கொடுத்தேன். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, தோளுக்குத் தோள் பொருத்தினான். பிறகு கட்டைவிரலை ஓரத்தில் வைத்து மெல்ல நகர்த்தினான். தோளிலிருந்து கைக்குழி, அந்தச் சின்ன மேடு, பக்கம், கீழ்விளிம்பு, மறுபக்கம் ஏறிக் கழுத்து வளைவு. சுற்றிலும் ஒரே சீராக ஒரு பென்சில் கனம் மட்டும் வெளியே தெரிந்தது, ஓரிடத்திலும் கூடவில்லை, குறையவில்லை. முடித்த இடத்திலிருந்து இன்னொரு தடவை சுற்றி வந்தான். அதன்பிறகு தன் கையைத் திருப்பி அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.